சைரன் தன் மகளை வீட்டுக்கு அழைத்து வந்த காலை

கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் அலாரம் பொருத்துகிற கடைகள் வரிசைகட்டி நின்ற அந்தத் தெருவில், அலறுகிற வண்டி எது வந்தாலும் கடைக்காரர்கள் கையை ஒரே பக்கம்தான் நீட்டுவார்கள். "நேரா போங்க, கடைசிக் கடை, சைரன்கிட்ட குடுங்க." மற்ற எலெக்ட்ரீஷியன்கள் முதலில் சைரனின் வயரைத் தேடிப் பிடுங்குவார்கள், சத்தம் அடங்கிய பிறகுதான் அவர்களுக்கு மூளை வேலை செய்யும். கடைசிக் கடைக்காரனுக்கு அந்த அவசரம் கிடையாது. அது பாட்டுக்கு அலறும், அவன் பாட்டுக்கு வேலை பார்ப்பான். நாலு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவன் காது இரண்டையும் துடைத்துவைத்துவிட்டுப் போயிருந்தது.

'சைரன்' என்று பெயர் வைத்தவர் பக்கத்துக் கடையில் வண்டிகளுக்கு ஒடுக்கு எடுக்கிற டிங்கர். முதுகுக்குப் பின்னால் சொன்னால் போதும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் எதிரே நின்ற வண்டியின் கண்ணாடியில் அவர் உதடு அசைவதைப் படித்துவிட்டவன், திரும்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மறுநாளே பெயர்ப்பலகையில் தன் சொந்தப் பெயரை அழித்துவிட்டு அதையே பெரிதாக எழுதிக்கொண்டான். டிங்கருக்குத்தான் ஒரு வாரம் அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

சத்தம் என்பது அவனைப் பொறுத்தவரை மற்றவர்கள் உடம்பில் நடக்கிற சங்கதி. சைரன் கத்தினால் சுற்றி நிற்பவர்களின் தோள் காதுவரை ஏறும், கண் சுருங்கும், பல் தெரியும். நின்றால் தோள் இறங்கும். இந்தத் தோள்களைப் பார்த்தே, எந்த வயரைத் தொட்டபோது நின்றது, எதை விட்டபோது மறுபடி கிளம்பியது என்று கணக்குப் போட்டுவிடுவான். வாடிக்கையாளரை எதிரே ஸ்டூல் போட்டு உட்காரவைத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம். அவர்களோ மரியாதை செய்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவன் கல்யாணமும் இந்தத் தெருவில்தான் தொடங்கியது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண், கத்துகிற ஸ்கூட்டரை மெயின் ரோட்டிலிருந்தே தள்ளிக்கொண்டு வந்தாள். தெருவே காதைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தது. வேர்வையும் அவமானமுமாக வந்தவள் கடையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு மளமளவென்று கொட்டித் தீர்த்தாள். அவன் தன் காதைத் தொட்டுக் காட்டி, கேட்காது என்று தலையாட்டினான். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ! என் வண்டியாலயா?" என்று கேட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் அழுதுவிட்டாள்.

உதட்டைப் படித்து அதைப் புரிந்துகொண்டவன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த திருப்புளி எங்கோ போய் விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு விஷயம் விளங்கியபோது அவளும் உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் மட்டும் நின்றபடி கத்திக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமும் வந்தாள், அதற்கு அடுத்த வாரமும் வந்தாள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மருந்துக்கடைக்கு வருகிற காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருத்தியிடம் கையால் பேசக் கற்றுக்கொண்டு, 'டீ குடிக்கலாமா?' என்று கேட்க வந்திருந்தாள். விரல் ஒன்று இடம் மாறிப்போனதில் அது 'டீயில் குளிக்கலாமா?' என்று ஆகிவிட்டது. அவன் அதற்கும் சரி என்றான்.

அவளுக்கு ஓர் அண்ணன். அதாவது அவனுக்கு மச்சான். தபால் நிலையத்தில் வேலை, தங்கமான மனுஷர், எதையும் தானே பார்த்துக்கொள்வேன் என்பவர். குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடமாட்டார். தானே பார்த்து, ஒழுகிய குழாயைப் பீய்ச்சுகிற குழாயாக்குவார். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மாட்டினால் கடிகாரம் ஓடும்; ஆனால் மேஜையில் இரண்டு திருகாணி மிச்சமிருக்கும். "கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டிருக்கான்" என்பார்.

அவருக்கு வராத ஒரே வேலை மாப்பிள்ளையோடு பேசுவது. உரக்கச் சொன்னால் எப்படியாவது உள்ளே போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. வாயை அகலத் திறந்து, "மாப்ளே! சாப்! டீங்! களா!" என்று கத்துவார். அப்படித் திறந்த வாயில் உதட்டைப் படிப்பதற்கு எங்கே போவது? அவர் தொண்டைக்குள் அண்ணாக்கு ஆடுவது மட்டும்தான் தெரியும். சைரன் பணிவாகத் தலையாட்டிவைப்பான். மச்சானுக்கு அதுவே போதும். "நல்லாப் பேசிட்டிருந்தோம்" என்று தங்கையிடம் சொல்வார்.

சைரனுக்கு மகள் பிறந்தாள்.

அந்தச் சில நாளும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு மருத்துவமனை முழுக்கச் சுற்றினான். லிஃப்ட் இயக்குபவருக்குக் குழந்தையின் படத்தைக் காட்டினான். அவர் இறங்கும் மாடியை மறந்து மேலே கொண்டுபோய்விட்டார். எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்த, முன்பின் தெரியாத ஒரு ஆளைத் தோளில் தட்டி, இரண்டு கையையும் தொட்டில்போல ஆட்டிக்காட்டி, தன் நெஞ்சில் குத்திக்கொண்டான். அந்த ஆள் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார்.

அவன் மாமியாருக்கு மட்டும் மனசில் ஒரு முள். பேத்திக்குக் காது கேட்குமா, கேட்காதா? டாக்டர் சோதனை செய்துவிட்டு, "குழந்தை அசைஞ்சிட்டே இருக்கா, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பாத்திடலாம், பயப்பட ஒண்ணுமில்ல" என்றிருந்தார். 'இன்னொரு தடவை' மட்டும்தான் மாமியார் காதில் விழுந்தது. அவன் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்துத் தொட்டிலுக்குப் பக்கத்தில் கைதட்டிப் பார்ப்பார். கரண்டியால் டம்ளரைத் தட்டிப் பார்ப்பார். குழந்தை தூங்கும். ஒருதரம் அவன் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டான். மாமியார் தட்டிய கையை அப்படியே மேலே தூக்கிச் சோம்பல் முறிப்பதுபோல் நடித்தார். அவன் எதையும் பார்க்காதவன்போல் பாட்டிலை வைத்தான். சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

"எங்கம்மாவைத் தப்பா நினைக்காதீங்க" என்று மனைவி கையால் சொன்னாள்.

"நினைக்கல. கேட்டாலும் எம்பொண்ணு, கேட்காட்டியும் எம்பொண்ணு. கேட்காட்டி கடைக்கு வாரிசு, அவ்வளவுதான்."

"அலாரம் மாட்டவா எம்பொண்ணைப் பெத்தேன்?" என்று அவள் அவன் புறங்கையில் ஒன்று போட்டாள்.

வீட்டுக்குக் கிளம்புகிற காலையில் மச்சான் காரோடு வந்து இறங்கினார். பழைய கார்தான், கழுவித் துடைத்து முகம் பார்க்கலாம்போல் வைத்திருந்தார். முகத்தில் பெரிய காரியம் செய்த களை. பின்சீட்டில் குழந்தைக் கூடை ஒன்றை பெல்ட்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். முன்சீட்டைப் பிடித்து உலுக்கிக் காட்டினார். முன்பெல்லாம் அது கடகடவென்று ஆடும். இப்போது அசைவு மட்டும் இருந்தது, அதிர்வு இல்லை.

"மாப்ளே! பாருங்! க! சத்தமே! இல்ல!"

அவன் தலையாட்டினான். ஆடிய தலை பாதியில் நின்றது. டேஷ்போர்டு ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மச்சான் காரில் அலாரம் கிடையாதே?

மனைவியைப் பார்த்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"அது வந்து…" என்று மச்சான் அசடு வழிந்தார். "ஆன்லைன்ல வாங்கினேன். நானே மாட்டிட்டேன். குழந்தை பொறக்கிற நேரத்துல மாப்பிள்ளைய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்."

அவள் அதைக் கையால் சொன்னாள். அலாரக் கடைக்காரனின் மச்சான், அலாரத்தை ஆன்லைனில் வாங்கித் தானே மாட்டியிருக்கிறார்! டிங்கருக்குத் தெரிந்தால் தெருவே ஒரு மாசத்துக்குச் சிரிக்கும். அவனுக்குக் கோபம் வரவில்லை. அந்த வாரம் அவனுக்குக் கோபம் வர இடமே இல்லை.

மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்தார். மனைவி குழந்தையோடு பின்னால் ஏறினாள். அவன் மறுபக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான். மச்சான் சாவியைத் திருகினார்.

வண்டி கிளம்பவில்லை. மச்சானின் தோள் இரண்டும் காதுக்கு ஏறின. மாமியாரின் தோள் ஏறியது. தூரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன காவலாளியின் தோள்கூட ஏறியது. இவ்வளவு தோள் ஒரே நேரத்தில் ஏறி அவன் தன் கடையில்கூடப் பார்த்ததில்லை.

பிறகு மகளைப் பார்த்தான். தூங்கிக்கொண்டிருந்தவள் இரண்டு கையையும் விரித்து எறிந்தாள். பத்து விரலும் விசிறிபோல் விரிந்தன. முகம் சிவந்து, வாய் திறந்து, இத்தனை நாளில் அவன் பார்த்திராத ஓர் அழுகை.

மாமியார் சீட்டில் திரும்பி முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உதட்டை வாசகம் வாசகமாகப் படிக்க முடிந்தது. "கேக்குது! டேய், புள்ளைக்குக் கேக்குதுடா! ஐயோ, என் தங்கமே, கேக்குதா உனக்கு?" அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

அவனுக்குச் சந்தோஷம்தான். தான் ஒருநாளும் போகாத ஓர் ஊரில் மகள் ஏற்கெனவே குடியேறிவிட்டாள் என்பதுபோல் ஒரு சின்னத் திகைப்பும் இருந்தது. ஆனால் அவன் கண் அந்தப் பத்து விரலைவிட்டு நகரவில்லை. என்ன அழகாக விரிகிறது! 'வாயாடியாத்தான் வருவா, கையாலயும்' என்று நினைத்துக்கொண்டான். மனைவி அதற்குள் குழந்தையின் தலையைத் தன் மார்போடு பொத்திக்கொண்டு உள்ளே நடந்துவிட்டாள். வரவேற்புக்கூடத்தின் கண்ணாடிக் கதவு மூடியது.

மச்சான் ரிமோட்டை அழுத்தினார். தோள்கள் இறங்கின. மறுநொடி ஏறின. மறுபடி அழுத்தினார். இறங்கி, ஏறின. பிறகு எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை. பாய்ந்துபோய் பானட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கினார். ஒரு தோளும் இறங்கவில்லை.

சைரன் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். மச்சான் வாங்கியிருந்தது இருப்பதிலேயே பெரிய சைரன். தனக்குள்ளேயே சொந்தமாக ஒரு பேட்டரி வைத்திருக்கிற ரகம். திருடன் கார் பேட்டரியைப் பிடுங்கினால் அது இன்னும் உற்சாகமாகக் கத்தும், அதற்காகவே செய்தது. அடக்க ஒரே வழி, அதன் முதுகில் இருக்கிற துளையில் குட்டிச் சாவியைப் போட்டுத் திருப்புவது.

அவன் துளையைத் தொட்டுக் காட்டி, விரலால் சாவி திருப்பி, உள்ளங்கையை விரித்தான். எங்கே?

மச்சான் வாயைத் திறந்து கத்தினார். கத்தியது அவருக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். வாயை மூடிக்கொண்டு, தன் கைகளை ஏதோ இன்றைக்குத்தான் முளைத்தவைபோல் குனிந்து பார்த்தார். பிறகு அந்தக் கைகளைத் தூக்கினார்.

முதலில் காற்றில் ஓர் அலமாரியை வரைந்தார். அதன் கதவைத் திறந்தார். அதற்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. அதற்குள் சாவியை வைத்தார். பெட்டியை மூடினார், அலமாரியைப் பூட்டினார், பத்திரம் என்று மார்பில் தட்டிக்கொண்டார். கடைசியாக, வெகு தூரத்தில் இருக்கிற வீட்டின் திசையில் கையை நீட்டினார்.

ஓர் எழுத்து விடாமல் சைரனுக்குப் புரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மச்சான் அவனிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நர்ஸ் ஒருத்தி பஞ்சுச் சுருளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்து எல்லோருக்கும் விநியோகித்தாள். ஆளுக்கு இரண்டு பிய்த்துக் காதில் அடைத்துக்கொண்டார்கள். சைரனிடமும் நீட்டினாள். அவன் பெருந்தன்மையோடு வேண்டாம் என்றான். அவள் அசந்துபோய்ப் பார்த்தாள்.

பஞ்சு அடைத்தும் பயனில்லை. ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. காவலாளி காரைச் சுட்டி, வாசலைச் சுட்டி, இரண்டு கையாலும் தள்ளிக் காட்டினார்: தள்ளிக்கொண்டு வெளியே போங்கள். காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெரியவர் ஊன்றுகோலை ஆட்டி, தன் காலைக் காட்டி, மாடி ஜன்னலைக் காட்டி, தலையணையில் தூங்குவதுபோல் சாய்ந்தார்: மேலே நோயாளிகள் தூங்க வேண்டாமா? காரை அங்கே நிறுத்தியிருந்த ஒரு பெண் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினாள்: நான் வண்டியை எடுக்க வேண்டும், வழியை விடுங்கள். மச்சான் ஒவ்வொருவருக்கும் அலமாரியிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் நடித்துக் காட்டினார். காவலாளி அதைக் கல்யாணப் பரிசு என்று புரிந்துகொண்டு கை குலுக்கினார்.

சைரன் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தான். முற்றம் முழுக்கக் கைகள். ஒருவருக்கும் காது கேட்கவில்லை. எல்லோரும் அவன் பாஷையைத் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்மொழிக்காரன் அவன் ஒருவன்தான். பிறந்ததிலிருந்து வெளியூரில் வாழ்ந்தவனைத் திடீரென்று யாரோ சொந்த ஊர்ச் சந்தையில் இறக்கிவிட்டதுபோல் இருந்தது. பெரியவரின் 'தூங்கு' கொஞ்சம் பிசகியிருந்தது. போகிறபோக்கில் அவர் கையைப் பிடித்துக் கன்னத்தோடு சரியாக வைத்துவிட்டான். அவர் கோபத்தை மறந்து இரண்டு மூன்று தரம் செய்து பழகிக்கொண்டார்.

பிறகு வேலையில் இறங்கினான். குழந்தைத் துணிகள் இருந்த பைக்குள் கையை விட்டு, அணையாடைகளுக்கு நடுவிலிருந்து தன் மீட்டரை எடுத்தான். சட்டை இல்லாமல் வெளியே போனாலும் போவான், மீட்டர் இல்லாமல் போகமாட்டான். இதற்காக மனைவியிடம் வாங்கிய திட்டு அன்றைக்குத்தான் செரித்தது.

பேட்டரி வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, முன்சீட்டுப் பக்கம் குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். அலாரத்தின் பெட்டி அங்கே இருந்தது. மச்சான் அதைக் கறுப்பு டேப்பால் சுற்றிச் சுற்றி, மாவுக்கட்டுப் பெரியவரின் காலைவிடப் பத்திரமாகக் கட்டிவைத்திருந்தார். டேப்பைக் கிழித்து இரண்டு வயரை வெளியே இழுத்தான். ஒன்று பெட்டிக்கு மின்சாரம் கொண்டுவருவது, இன்னொன்று அதைத் திருப்பிக் காரின் உடம்புக்கே அனுப்புகிற எர்த். மீட்டரின் இரு முனையையும் இரண்டிலும் வைத்தான். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டும். காட்டியது. பிறகு இரண்டு காட்டியது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி பன்னிரண்டு.

கறுப்பு முனையை எர்த் வயரிலிருந்து எடுத்து, கதவோரம் பெயின்ட் உரிந்திருந்த வெறும் தகட்டில் வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு. அசையவே இல்லை. அப்படியானால் வருகிற வழியில் குற்றமில்லை. திரும்பிப் போகிற வழிதான் எங்கோ அறுந்து அறுந்து ஒட்டுகிறது. ஒவ்வொரு தரம் அறும்போதும் பெட்டி செத்துப்போகிறது. தன் பெட்டியை யாரோ கொல்கிறார்கள் என்று சைரன் கதறுகிறது. பெட்டி உயிரோடு இல்லாததால் ஸ்டார்ட்டருக்குப் போகிற இணைப்பும் திறக்கவில்லை, வண்டி கிளம்பவில்லை.

சரி, ஆனால் யார் அறுக்கிறார்கள்? முனையைப் பழையபடி எர்த் வயரில் வைத்தான். எண் ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. அதில் ஒரு தாளம் இருந்தது. இந்தத் தாளத்தை எங்கேயோ பார்க்கிறோமே என்று தலையைத் தூக்கினான்.

மாமியார் இன்னும் முன்சீட்டில்தான் இருந்தார். காதில் பஞ்சு, கண்ணில் நீர், முகமெல்லாம் பல். பேத்திக்குக் கேட்கிறது என்கிற ஆனந்தத்தில் இந்த உலகத்தையே மறந்து, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் குலுங்கும்போதெல்லாம் மீட்டரில் எண் விழுந்தது.

சைரன் உள்ளங்கையைக் காட்டினான்: நிறுத்துங்கள், அத்தை. மாமியார் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். எண் பன்னிரண்டில் நின்றது.

இப்போது சிரியுங்கள் என்று தன் உதட்டோரத்தை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினான். மாமியார் விழித்தார். சொன்னதும் வருமா சிரிப்பு? அவன் கண்ணை மாறுகண்ணாக்கினான். வரவில்லை. கன்னத்தை ஊதி, அணையாடை ஒன்றை எடுத்துத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு, மச்சானைப்போல் வாயைப் பிளந்து ஊமையாக, 'மாப்! ளே!' என்று கத்திக் காட்டினான். மாமியார் பீறிட்டுக்கொண்டு சிரித்தார். எண் தடாலென்று சரிந்தது.

வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: மருத்துவமனையே அதிர்கிறது, பழுது பார்க்க வந்தவன் அணையாடையைத் தலையில் வைத்துக்கொண்டு மாமியாருக்கு வித்தை காட்டுகிறான். நர்ஸ் கவலையோடு காவலாளியைப் பார்த்தாள். காவலாளி நெற்றியில் விரலைச் சுழற்றிக் காட்டினார்.

அவன் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு கால்மிதிக்கு அடியில் தடவிக்கொண்டே போனான். வயர் நேராக முன்சீட்டின் காலுக்குப் போய், சீட்டைத் தரையோடு பிடித்திருக்கிற போல்ட்டில் முடிந்தது. நல்ல இடம்தான், தப்பில்லை. ஆனால் வயர் நுனியில் இருந்த பித்தளை வளையத்துக்கு மேலே ஒரு ரப்பர் வட்டம், கீழே ஒரு ரப்பர் வட்டம். பழைய சைக்கிள் ட்யூபை அழகாக வெட்டிப் போட்டது. ரப்பரில் எங்கே மின்சாரம் போவது? வளையம் போல்ட்டின் மரையை உரசுகிறபோது ஒட்டும், சீட் அசைந்தால் விலகும்.

ஒரு ரப்பர் வட்டத்தை உருவி மச்சானின் முகத்துக்கு நேரே நீட்டினான். இது என்ன?

மச்சான் பெருமையோடு கையைத் தூக்கினார். சீட்டைப் பிடித்துக் கடகடவென்று ஆட்டுவதுபோல் காட்டினார். ரப்பரைக் கத்தரித்துக் கீழே வைத்துக் காட்டினார். மறுபடி ஆட்டினார், ஆடவில்லை. இரண்டு கையிலும் குழந்தையை ஏந்தித் தாலாட்டினார். கடைசியாக ஆட்காட்டி விரலை உதட்டில் வைத்து, கண்ணை மூடி, 'உஷ்' என்றார். பாப்பா தூங்கணும் இல்லையா. வண்டியில் துளி சத்தம் இருக்கக் கூடாது என்று வைத்தேன்.

விரல் உதட்டில் இருக்கும்போதே மச்சானின் கண் மெல்லத் திறந்தது. காதில் பஞ்சோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். மாடி ஜன்னல்களில் முண்டியடிக்கிற தலைகளைப் பார்த்தார். கையிலிருந்த ரப்பரைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

இருவரில் யார் முதலில் வெடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மச்சான் காரில் சாய்ந்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்தார். சைரன் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் ரப்பரைத் தூக்கிக் காட்டுவார், மறுபடி கிளம்பும். பெரியவர் ஊன்றுகோலால் இருவரையும் தட்டிய பிறகுதான் எழுந்தார்கள்.

மிச்சம் கொஞ்ச வேலைதான். மாமியாரை இறக்கி, அந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, ரப்பரைத் தூர எறிந்து, வளையத்தையும் தகட்டையும் பளபளவென்று சுரண்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து முறுக்கினான். மற்ற மூன்று காலிலும் ரப்பரை அப்படியே விட்டுவிட்டான்; மச்சானின் ஆசையிலும் தப்பில்லையே. மீட்டரை வைத்துவிட்டுச் சீட்டைக் காலால் உதைத்தான். எண் அசையவில்லை. மச்சானிடம் ரிமோட்டைக் காட்டிக் கண்ணடித்தான்.

மச்சான் அழுத்தினார். முற்றம் முழுக்கத் தோள்கள் ஒன்றாக இறங்கின. காற்று நின்றதும் கொடியில் துணிகள் தொங்குவதைப்போல் எல்லோரும் தொங்கினார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மனைவி ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தி விரலெல்லாம் ஆட்டினாள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். அதைப் பார்த்து நர்ஸும் ஆட்டினாள், காவலாளியும் ஆட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், ஒருவருக்கும் பஞ்சை எடுக்கத் தோன்றவில்லை. காவலாளி இன்னும் கையை வீசியே வண்டிகளுக்கு வழி சொன்னார். பெரியவர் நர்ஸிடம் ஏதோ நீண்ட விஷயத்தைக் கையாலேயே விளக்கிக்கொண்டு போனார்.

"அண்ணா, இப்ப வாயாலயே பேசலாம்" என்று தங்கை காரில் ஏறியதும் சொன்னாள்.

"இரு, இரு. மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் மச்சான்.

அந்த 'ஒண்ணு' வழியெல்லாம் நீண்டது. இந்தத் தடவை சைரன் முன்சீட்டில். பின்னால் மாமியாரும் மனைவியும், நடுவில் கூடையில் குழந்தை, அழுத களைப்பில் அயர்ந்து தூங்கினாள். சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்ற இடத்திலெல்லாம் மச்சான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பேசினார். தபால் நிலையத்தில் ஒரு பார்சலுக்குள்ளிருந்து கோழி கூவிய கதையைச் சொன்னார். கோழியாக அவரே சிறகடித்தார், முத்திரை குத்தினார், ஓடினார், மேஜைக்கு அடியில் ஒளிந்தார். மேலதிகாரியின் வழுக்கையைத் தடவிக் காட்டியபோது பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் விளக்கைச் சிமிட்டின.

"டேய், ரோட்டைப் பாருடா!" என்று மாமியார் பின்னாலிருந்து மகன் தோளில் தட்டினார்.

"பாத்துட்டுத்தான்மா இருக்கேன்."

சைரன் பதிலுக்கு, தன் கடைக்குக் காரோடு ஒரு நாயையும் சேர்த்து விட்டுவிட்டுப் போன ஆளின் கதையைச் சொன்னான். மச்சானுக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதியைத் தானே இட்டுநிரப்பிக்கொண்டார். அது மூலக்கதையைவிட நன்றாக இருந்தது. கடைசியில் நாய் காரை ஓட்டிக்கொண்டு போனதாகவே முடிவு செய்து, அந்த நாயைப்போல் ஸ்டியரிங்கைப் பிடித்துக் காட்டினார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி, தையல் போட்ட இடம் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

பாலம் ஒன்றின்மேல் கார் ஏறியது. கீழே ஆறு வெயிலில் மின்னியது. முதலில் கவனித்தது அவள்தான்.

"அண்ணா, நம்ம வீட்டுக்குப் போற வழியில பாலம் ஏது?"

மச்சான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வீட்டைத் தாண்டி, வீட்டுத் தெருவைத் தாண்டி, கடைத்தெருவையும் தாண்டி ஊர் எல்லைக்கே வந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குழந்தை எந்திரிச்சுட்டாளா?" என்று மாமியார் கேட்டார்.

"தூங்கறா."

சைரன் திரும்பிக் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு கையை நெற்றிக்கு மேலே போட்டு, இன்னொரு கையை விரித்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மச்சான் பக்கம் திரும்பி, பாலத்தைக் காட்டி, அதற்கு அப்பால் நீண்டு கிடந்த சாலையைக் காட்டி, விரலால் ஒரு பெரிய வட்டம் போட்டான்: ஒரு சுற்று போய்விட்டே வரலாமே?

மச்சான் வழக்கம்போல் ஒலிபெருக்கி வேண்டாத குரலில், ஆனால் வாயை அகலத் திறக்காமல், உதடு தெளிவாகத் தெரிய, "போலாம் மாப்ளே" என்றார்.